தண்ணீர் பொது, கடன் தனி

மார்ச் 2

அக்கா,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். மாமாவைக் கூப்பிட்டால் "குளிச்சுக்கிட்டிருக்கா" என்கிறார். வெள்ளிக்கிழமை குளிக்கப் போனவள் ஞாயிற்றுக்கிழமை வரைக்குமா குளிப்பாய்? மாமாவுக்குப் பொய் வராது என்பது ஊருக்கே தெரியும். அவரைப் போய் இந்த வேலைக்கு வைக்காதே.

பேச வழியில்லாததால் எழுதுகிறேன். உனக்குக் கடைசியாக எப்போது கடிதம் எழுதினேன் என்றே ஞாபகமில்லை. கையெழுத்து கோழி கிளறினது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

குறைகேட்புக் கூட்டத்துக்கு நீ வருவாய் என்று எனக்குத் தெரியாது. நம் ஊர் எங்கள் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு நடக்கிற முதல் கூட்டம். சத்தம் போடுவார்கள், நாங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டே பதில் சொல்வோம், சாயங்காலம் கலைந்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன். நான் மேடையில் கமிஷனருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மைக்குக்கு முன்னால் வரிசை. குனிந்து காகிதம் புரட்டிக்கொண்டிருந்தவன் உன் குரலைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாய்.

நீ 'சார்' என்றதும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சொல்லுங்கம்மா" என்றேன். பிறந்ததிலிருந்து உன்னை 'நீங்க' என்று சொன்னதில்லை. அன்றைக்கு இருநூறு பேர் முன்னால் சொன்னேன்.

நீ கேட்டது வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "எங்க ஊர் டேம் தண்ணிய இப்ப மாநகரத்துல பாதிப் பேர் குடிக்கிறாங்க. அந்த டேம் கட்டின கடன மட்டும் எங்க ஊர் வீட்டு வரியில ஏத்தியிருக்கீங்க. தண்ணி பொது, கடன் எங்களுக்கு மட்டும் தனியா. இது எந்த ஊர்க் கணக்கு சார்?"

கை தட்டினார்கள். நான் இணைப்பு ஒப்பந்தத்தில் எத்தனையாவது பிரிவு என்று சொல்லி, அதை வாசித்துக் காட்டினேன். நீ உட்காரப் போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்றால், இணைப்புக் குழுவில் இருக்கிறவனுக்குச் சொந்தக்காரர் யாராவது அந்தப் பக்கம் பதவியில் இருந்தால் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். நீ அப்போது நகர்மன்ற உறுப்பினர். நான் எழுதித் தரவில்லை. தந்திருந்தால் குழுவிலிருந்து எடுத்திருப்பார்கள். அவ்வளவு பேர் முன்னால் அது வெளியே வந்தால் என் கதி என்ன, சொல்.

கவரில் ஒரு செக் இருக்கிறது. உன் வீட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் வந்திருக்கிற கூடுதல் வரி. இந்த வருஷம் மட்டுமில்லை, கடன் தீருகிற வரைக்கும் வருஷா வருஷம் நான் கட்டிவிடுகிறேன். மாமாவுக்குத் தெரிய வேண்டாம்.

தம்பி


மார்ச் 8

சின்னவனே,

செக் திரும்பி வருகிறது. கிழிக்கத்தான் போனேன். மாமா கையைப் பிடித்தார். "கிழிச்சு அனுப்பினா, கோவத்துல பண்ணினான்னு நெனச்சுக்குவான். முழுசா அனுப்பு" என்றார். ஆமாம், கவரைப் பிரித்ததே அவர்தான். நீ ரகசியம் காப்பாற்றுகிற லட்சணம் அப்படி.

என் வரியை நீ கட்டிவிடுவாய். சரி. எதிர்வீட்டு டீச்சருக்கு? இஸ்திரிக் கடைக்காரருக்கு? பேக்கரிக்காரருக்கு? நம் தெருவில் என் வீட்டுக்கு மட்டும் வரி வலிக்கவில்லை என்றால் நான் அந்தத் தெருவில் எப்படி நடப்பது?

இனிமேல் போன் வேண்டாம். எதுவானாலும் எழுத்தில் சொல். வாய்வார்த்தையை நம்பினது போதும்.

போன வருஷம் உன்னைப் போனில் கேட்டேன். "ஊர சேத்துட்டா நம்ம கடன் என்னடா ஆகும்?" நீ என்ன சொன்னாய்? "பாத்துக்கலாம்க்கா." அவ்வளவுதான் சொன்னாய். நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? எனக்குக் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தபோது அப்பா 'பாத்துக்கலாம்' என்றார். கட்டினார். உனக்கு டைபாய்டு வந்தபோது அம்மா 'பாத்துக்கலாம்' என்றாள். பார்த்துக்கொண்டாள். உன் ஆபீசில் அதற்கு 'இப்போதைக்குப் போனை வை' என்று அர்த்தம் போலிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்டா. சேரலாமா வேண்டாமா என்று ஊரில் வாக்கெடுப்பு. பாதிப் பேருக்குப் பயம். அங்கே வரி அதிகம், நம்மை மென்று துப்பிவிடுவார்கள் என்றார்கள். நான்தான் ஒவ்வொரு வீட்டு நாற்காலியிலும் உட்கார்ந்து சொன்னேன்: "வரி ஒரேயடியா ஏறாது, அஞ்சு வருஷத்துல கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஏறும். டேம் கடன் எல்லாருக்கும் பொதுவாயிடும். என் தம்பி அங்க நிதிப் பிரிவுலயே இருக்கான்." முதலில் சொன்னது நடந்தது. இரண்டாவது?

வரி நோட்டீஸ் வந்த மறுநாள் பேக்கரிக்காரர் கடைக்கு வந்தார். புதுக் கண்ணாடி தயாராக இருந்தது. போட்டுப் பார்த்தார், பணம் கொடுத்தார். நோட்டீசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது, "தம்பி சௌக்கியமாங்க?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே மரியாதைக்குக் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. அவருக்கு வீடு, கடை, மாவுக் கிடங்கு என்று மூன்று கட்டடம். மூன்றுக்கும் கூடுதல் வரி. கடைக்கும் கிடங்குக்கும் இரண்டு மடங்கு.

நான் இப்போது பின்சந்து வழியாகத்தான் கடைக்குப் போகிறேன். ஐம்பது வயதுக்கு மேல் குப்பைத் தொட்டி ஓரமாக ஒளிந்து நடக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பிரிவை யார் எழுதினது?

அக்கா


மார்ச் 17

அக்கா,

குழு எழுதியது. ஏழு பேர் இருந்தோம். ஆளுக்கொரு வரி சொல்லி, ஒருத்தர் திருத்தி, இன்னொருத்தர் அடித்து, அப்படித்தான் ஆகும். இன்னார் எழுதினது என்று சொல்ல முடியாது.

நீ நினைக்கிற மாதிரி இது யாரோ உங்களைக் கெடுக்கச் செய்த சதி இல்லை. இரண்டு ஊர் சேரும்போது பழைய கடனை என்ன செய்வது என்பது எல்லா இடத்திலும் வருகிற தலைவலி. எல்லாக் கடனையும் ஒரே பானையில் ஊற்றி எல்லாரும் சேர்ந்து கட்டலாம். இல்லையென்றால் யார் வாங்கினார்களோ அவர்கள் எல்லைக்குள் மட்டும் தனி வரி போட்டுத் தீர்க்கலாம். கடன் கொடுத்தவர்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். உங்கள் ஊர் வீட்டு வரியை நம்பித்தான் அவர்கள் கொடுத்தார்கள். அந்தப் பிடி நழுவக் கூடாது என்பார்கள்.

நீ எங்கள் பக்கத்திலிருந்தும் பார். இங்கே ரயில்பாதை ஓரத்தில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிற கொத்தனார், பார்த்தே இராத ஊரின் கடனை ஏன் கட்ட வேண்டும்? டேமையாவது விடு. உங்கள் பழைய சேர்மன் கட்டின மார்க்கெட் கட்டடம் இருக்கிறதே, மூன்று மாடி? அதில் புறாவைத் தவிர வேறு யார் குடியிருக்கிறார்கள்? அந்தக் கடனும் இந்தப் பொட்டலத்தில்தானே இருக்கிறது?

இன்னொன்று. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஒப்பந்தம் உங்கள் நகர்மன்றத்துக்கு வந்தது. நீ உறுப்பினர். கை தூக்கினவர்களில் நீயும் ஒருத்தி. நாற்பத்தோராம் பக்கத்தில் எல்லாம் அச்சடித்துத்தானே இருந்தது? படித்துவிட்டுத்தானே தூக்கினாய்?

தம்பி


ஏப்ரல் 2

சின்னவனே,

படிக்கவில்லை.

உன் கடிதம் வந்தபிறகு இந்த ஒரு வார்த்தையை எழுத இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவள், ஊருக்கெல்லாம் பொடி எழுத்து படிக்கக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவள், தன் கைக்கு வந்த புத்தகத்தைப் படிக்கவில்லை. முதல் பக்கத்தில் குழுவின் பெயர்ப்பட்டியல் இருந்தது. நான்காவதாக உன் பெயர். அதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு பெருமை. பக்கத்து இருக்கை உறுப்பினரிடம் விரலை வைத்துக் காட்டினேன். அதோடு மூடி வைத்துவிட்டேன். கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன்.

நீ கேட்டபிறகு எடுத்துப் படித்தேன். முப்பத்தொன்பதாம் பக்கம்: ஊரின் சொத்து எல்லாம், டேம் உட்பட, மாநகராட்சிக்கு. நாற்பத்தோராம் பக்கம்: ஊரின் கடன் எல்லாம், டேம் உட்பட, பழைய எல்லைக்குள் இருக்கிற கட்டடங்களுக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு தாள். திருப்பினால் தெரிந்திருக்கும்.

உன்னைத் திட்ட எனக்கு இருந்த தெம்பு எல்லாம் போய்விட்டது.

மறுநாள் பின்சந்தை விட்டுவிட்டு முன்பு போன அதே வீடுகளுக்கு மறுபடி போனேன். 'நான் படிக்காமல் கை தூக்கிவிட்டேன், உங்களிடம் தெரியாததைத் தெரிந்தமாதிரி சொன்னேன்' என்று சொல்லத்தான். மாமா, "கூட வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். வந்தால் அவர் என்னை விட அதிகமாக அழுவார்.

இரண்டு வீட்டில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கவில்லை. இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியை நிறுத்தாமலே கேட்டார், "அப்ப அத நாங்கதான் படிச்சிருக்கணுமா?" அவர் கேட்டதில் கோபம்கூட இல்லை. ஒரு சந்தேகம் கேட்பது போலக் கேட்டார். அவர் அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

எதிர்வீட்டு டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டார். "ஓட்டுக் கேக்க வந்தப்ப உள்ள வந்து ஒக்காந்து டீ குடிச்சே. இப்ப மட்டும் ஏன் படியிலயே நிக்கிறே? உள்ள வந்து திட்டு வாங்கு." உள்ளே போய் உட்கார்ந்து வாங்கினேன். நடுவில் சொன்னார்: "மேடையில இருந்தது ஒன் தம்பின்னு எங்களுக்குத் தெரியாதா? ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. நீ சார்ங்கறே, அவன் அம்மாங்கறான். பின்னால நின்ன எங்களுக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறதுடா. நாம் இரண்டு பேர்தான் ஒளிந்துகொண்டிருந்ததாக நினைத்திருக்கிறோம்.

பேக்கரிக்காரர் பன் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டார். "இதுக்கு மேல என்னங்க..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அப்புறம் உள்ளே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மார்க்கெட் கட்டடத்தைப் பற்றி நீ சொன்னது சரி. அது எங்கள் முட்டாள்தனம். அதை நாங்கள்தான் கட்ட வேண்டும். அதற்கு நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டேன்.

ஆனால் நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. குழு எழுதியது என்கிறாய். குழுவுக்குக் கை கிடையாது.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

நான்தான் எழுதினேன்.

பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. எங்கள் மாமன்ற உறுப்பினர்கள் உங்கள் கடனைத் தொடமாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். உங்கள் ஆட்கள் கடனைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள் என்று பயம். கமிஷனர் பேனாவை மேஜைமேல் போட்டுவிட்டு, "யாராவது இத முடிச்சுக் குடுங்கப்பா" என்றார். நான் முடித்துக் கொடுத்தேன். ஒரு மத்தியான வேலை. சொத்தை ஒரு பக்கத்தில் வைத்து, கடனைக் கொஞ்சம் தள்ளி இன்னொரு பக்கத்தில் வைத்தால் யாரும் இரண்டையும் சேர்த்துப் படிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நடுவே அந்தத் தாளை வைத்தேன்.

கமிஷனர் படித்துவிட்டு, "அழகா எழுதியிருக்கீங்க, ஒரு ஓட்டை இல்ல" என்றார். எனக்குத் தனி அறை கிடைத்தது அதற்கு அப்புறம்தான். நீகூட வாழ்த்துச் சொன்னாய். இனிப்பு வாங்கி அனுப்பினாய்.

நீ போன் செய்து கடன் என்ன ஆகும் என்று கேட்டாயே, அப்போது அந்தப் பக்கம் என் மேஜைமேல்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் 'பாத்துக்கலாம்க்கா' என்றேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தாய். நீ போனை வைத்தால் போதும் என்றுதான் அர்த்தம். நீ சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய்.

இதோடு முடிந்தது என்றால் பரவாயில்லை. இன்னொன்று இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை தாளை மடித்தேன்.

கூட்டம் முடிந்து காரில் திரும்பும்போது என் பக்கத்தில் இருந்த அதிகாரி சொன்னான்: "யாருங்க அந்தம்மா? வாயா அது, பீரங்கி!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சும்மா பல்லைக் காட்டவில்லை அக்கா, சத்தமாகவே சிரித்தேன். "ஒவ்வொரு ஊர்லயும் இப்படி ஒண்ணு இருக்கும்" என்றுகூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போது அந்தச் சிரிப்பு என் காதில் கேட்டது. அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஒரு வழி இருக்கிறது. ஒப்பந்தத்தை முதல் வருஷத்துக்குள் மாமன்றம் மறுபரிசீலனை செய்யலாம். டேம் தண்ணீர் வடக்குப் பகுதி முழுக்கப் போகிறது. அந்தக் கடனை வீட்டு வரியிலிருந்து எடுத்து, தண்ணீர்க் கட்டணத்தில் சேர்த்தால், குடிக்கிறவர்கள் எல்லாரும் கட்டுவார்கள். கடன் கொடுத்தவர்களுக்கும் வருமானம் குறையாது, ஒத்துக்கொள்வார்கள். ஆனால் நான் இதை எழுதி வைத்தால், நாளைக்கு யாராவது 'இவன் அக்காவுக்காக எழுதினான்' என்று சொன்னால் குறிப்பு குப்பைக்குப் போய்விடும். அதனால் முதலில் நீ யார் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் நான் மறைத்ததும் வெளியே வரும்.

சொல்ல வேண்டும் என்று எனக்கே தெரிகிறது. கமிஷனர் அறை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

தம்பி


ஏப்ரல் 27

சின்னவனே,

நீ சிரித்ததைப் படித்துவிட்டு இந்தக் கடிதத்துக்குப் பதிலே எழுதக் கூடாது என்றிருந்தேன். மாமாவிடம் காட்டவில்லை. அவருக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் யோசித்தேன். நீ சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. எதற்காக எழுதினாய்? நான் திட்டினால் உனக்கு லேசாகும் என்றா? திட்டமாட்டேன். அதை நீயே வைத்துக்கொள்.

கமிஷனரிடம் போய்ச் சொல். எனக்காக என்று போகாதே. எனக்காகப் போனால் பாதியில் திரும்பிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். பேக்கரிக்காரரின் மூன்று கட்டடத்தையும் நினைத்துக்கொண்டு போ.

அக்கா

வேலை போய்விடுமாடா? உன் பெண் அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போக வேண்டும். நன்றாக யோசித்துச் செய். நான் சொன்னேன் என்று அவசரப்படாதே.


ஜூன் 30

அக்கா,

வேலை போகவில்லை. ஆனால் என் அறை போய்விட்டது.

மே முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டேன். உனக்கு எழுதாமல் இருந்தது, முடிவு தெரியாமல் உனக்கு ஆசை காட்டக் கூடாது என்றுதான். ஒரு தடவை காட்டினது போதும்.

"சார், குறைகேட்புக் கூட்டத்துல டேம் பத்திக் கேட்டவங்க என் அக்கா" என்றேன்.

கமிஷனர் ஏதோ ஜோக் என்று நினைத்தார். "எந்த அக்கா?"

"கூடப் பொறந்த அக்கா."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இத ஏன்யா இப்ப வந்து சொல்றே? ஒண்ணு அப்பவே சொல்லியிருக்கணும், இல்ல எப்பவுமே சொல்லாம இருந்திருக்கணும்."

"குறிப்பு ஒண்ணு வெக்கணும் சார். அதுக்காகத்தான்."

குறிப்பைப் படித்தார். "நீயே கட்டின சுவர, நீயே இடிக்கச் சொல்றே" என்றார். ஆனால் தூக்கிப் போடவில்லை. என் பெயர் இல்லாமல் வேறொரு அதிகாரியை விட்டுப் புதிதாகக் கணக்குப் போடச் சொன்னார். எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. சம்பள உயர்வு நின்றது. இப்போது கடை உரிமம் கொடுக்கிற பிரிவில் இருக்கிறேன். தரைத்தளம், கவுன்ட்டர், முன்னால் எப்போதும் கூட்டம். பீரங்கி என்று சொன்னவன் வராந்தாவில் என்னைப் பார்த்தால் சுவரில் ஒட்டியிருக்கிற அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்துவிடுகிறான்.

வீட்டில் இவளிடம் காரில் சிரித்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். சம்பள உயர்வு நின்றதற்குத்தான் கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். "அண்ணியப் பத்தியா அப்படிச் சொன்னீங்க?" என்று அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று மாமன்றத்தில் விவாதம். கடைசி வரிசையில் நின்று பார்த்தேன். தோற்றுவிடும் என்றுதான் இருந்தது. வடக்கு விரிவாக்கத்து உறுப்பினர் ஒரு பெண், அதுவரைக்கும் வாயே திறக்காதவர், எழுந்தார். "போன வருஷம் எங்க பகுதிக்கு லாரியிலதான் தண்ணி. இப்ப குழாய்ல வருது. அது அவங்க கடன் வாங்கிக் கட்டின தண்ணின்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சப்புறம் எப்படிச் சும்மா இருக்கறது?" அவ்வளவுதான் பேசினார். மூன்று ஓட்டில் ஜெயித்தது.

டேம் கடன் அடுத்த வருஷக் கணக்கிலிருந்து தண்ணீர்க் கட்டணத்துக்குப் போகிறது. மார்க்கெட் கட்டடக் கடன் உங்களோடேயே இருக்கும். இந்த வருஷ நோட்டீஸ் செல்லும். கட்டினதைத் திருப்பித் தரமாட்டார்கள். மற்றபடி உங்கள் கூடுதல் வரி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

போய் எல்லாரிடமும் சொல். இந்தத் தடவை தீர்மான நகலும் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுச் சொல்.

தம்பி


ஜூலை 12

சின்னவனே,

படித்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரைக்கும் இரண்டு தடவை. மாமாவையும் படிக்கச் சொன்னேன்.

முதலில் பேக்கரிக்காரரிடம்தான் சொல்ல வேண்டும் என்று போனேன். ஷட்டர் போட்டிருந்தது. ஏணி வைத்துப் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் ஜூன் மாதமே மூன்று கட்டடத்தையும் விற்றுவிட்டார். எனக்குத் தெரியாது. நான்தான் அவர் கடை இருக்கிற பக்கம் தலை வைத்துப் படுக்காமல் இருந்தேனே.

அடுப்பு புதுப்பித்ததற்கு அவருக்கு ஏற்கெனவே பேங்க் கடன். அதோடு இந்த வரியும் சேர்ந்ததில், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். வரி அதிகம் என்று விலையையும் அடித்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம்.

ஏணிக்குக் கீழே அந்தக் கம்பெனி ஆள் நின்றிருந்தான். நல்ல பையன்தான், நாற்காலி எடுத்துப் போட்டான். "இங்க கூடுதல் வரி குறையுதாமே மேடம், போன வாரம் நியூஸ்ல பாத்தோம். நல்ல நேரத்துல வாங்கினோம்" என்றான்.

தீர்மான நகல் என் பையில் இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

அப்படியானால் நீ கஷ்டப்பட்டு இறக்கி வைத்த பாரம் யாருக்கு லேசாயிற்று? இப்படி ஆகும் என்று உனக்குத் தெரியாதா? கணக்குப் படித்தவன் நீதானே.

மற்ற வீடுகளுக்குப் போய்ச் சொன்னேன். இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். டீச்சர் டீ கொடுத்தார். கப்பை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அக்கா


செப்டம்பர் 5

அக்கா,

தெரியும். வரி கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது. ஆள் மாறினால் வரியும் சலுகையும் புது ஆளுக்குத்தான் போகும். விற்றுவிட்டுப் போனவருக்கு நஷ்டம் மட்டும்தான் மிஞ்சும். முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம். அதற்குள் விற்கிற அளவுக்கு ஒருத்தருக்கு நெருக்கடி வரும் என்று நான் நினைக்கவில்லை. உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்கும் அதுதான் காரணம். எழுத என்ன இருக்கிறது?

இப்போது எழுத ஒன்று இருக்கிறது.

நேற்று கவுன்ட்டரில் ஒரு விண்ணப்பம் வந்தது. மாநகரத்தின் தெற்குக் கோடியில் வாடகைக்கு எடுத்த சின்னக் கடை, ரொட்டி பிஸ்கட் விற்பனை. பழைய முகவரியைப் பார்த்தேன். உன் தெரு. நிமிர்ந்து பார்த்தால், மாவு படிந்த செருப்பு, கையில் துணிப்பை, நீ போட்டுக் கொடுத்த கண்ணாடி.

அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். "பரவால்ல சார், நிக்கிறேன்" என்றார்.

"நான் கண்ணாடிக் கடை அக்காவோட தம்பி" என்றேன்.

"தெரியும் சார்."

"அந்தக் கூடுதல் வரி... அத எழுதினவன் நான்தான். அக்காவுக்கு அப்ப ஒண்ணும் தெரியாது."

நான் நினைத்து வைத்திருந்தது இன்னும் நிறைய இருந்தது. அவர் என் மேஜையில் இருந்த முத்திரைக் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வாடகைக்கு இருக்கேன் சார். வாடகைக்காரனுக்கு வீட்டு வரி கெடையாதில்ல?"

"வீட்டுக்காரர் அத வாடகையில சேத்துடுவாரு" என்றேன்.

"அப்ப இதுலயும் தப்பிக்கல" என்று கொஞ்சம் சிரித்தார். அப்புறம், "கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா கெளம்புவேன். மாவு பெசஞ்சு வெச்சுட்டு வந்திருக்கேன்" என்றார்.

போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது; யாராக இருந்தாலும் போட்டிருப்பேன். என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். "சார், வீட்டுக்காரிக்குக் கண்ணாடி மாத்தணும். அவளுக்கு அக்கா கை பழகிடுச்சு, வேற எடத்துக்கு வரமாட்டேங்கறா. அங்க கூட்டிட்டுப் போலாமா? இல்ல, எங்களப் பாத்தா அக்காவுக்குச் சங்கடமா இருக்குமா?"

அவர் கேட்கிறார் அக்கா. அவர்.

உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். பதில் எழுது.

தம்பி


செப்டம்பர் 23

சின்னவனே,

உன் கடிதம் கிடைத்த அன்றே டீச்சரிடம் அவர் நம்பர் வாங்கி நானே கூப்பிட்டுவிட்டேன். உன் வழியாகச் சொல்லி அனுப்புகிற விஷயமா இது?

நேற்று இரண்டு பேரும் வந்தார்கள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். மாமா அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, மழை பெய்யுமா பெய்யாதா என்றே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், வேறு எதையும் தொடவில்லை.

நான் அந்த அம்மாவை உள்ளே சோதனை நாற்காலியில் உட்கார வைத்தேன். விளக்கை அணைத்தேன். உனக்குத் தெரியும், இந்தத் தொழிலில் எதிரில் இருக்கிறவர் கண்ணுக்குள்ளேயே பார்க்க வேண்டும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு செய்ய முடியாது. டார்ச்சை எடுத்துக் கிட்டப் போனேன். வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. புருவத்துக்குப் போகிறது, மூக்குக்குப் போகிறது.

"அசையாதீங்கம்மா" என்றேன்.

"நான் அசையலீங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "ஒங்க கைதான்."

அக்கா